அவிக்கப் போன விதைநெல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் உள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. மொத்தமே இருபது, இருபத்தைந்து வீடுகள்தான். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இதில் தவறு செய்தவள் நான், அந்த ஊர்க்காரர்கள் இல்லை. அவர்கள் பெயர் எதற்கு இதில் வர வேண்டும்?

நான் வாணியம்பாடிக்காரி. அப்பா ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் சீரகச் சம்பா பிரியாணி வாசனை மூன்று தெரு தாண்டி வந்து கூப்பிடும். பாரம்பரிய வாசனை நெல் வகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "பிரியாணி அரிசிக்கெல்லாமா டாக்டர் பட்டம் தர்றாங்க" என்று அம்மி (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) சிரித்துவிட்டார்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போய் வாசனை நெல் விளையும் வயல்களில் இலை பறித்து வருவேன். ஆய்வகத்தில் அந்த இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அந்த இடங்களை மார்க்கர் என்போம். நெல்லுக்கு நெல் அந்த இடங்களின் நீளம் மாறும். ஜெல் என்ற கூழ் போன்ற பலகையில் அவற்றை ஓடவிட்டால் வெள்ளைப் பட்டைகளாகத் தெரியும். பட்டைகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றால் அது சுத்தமான வகை. மேலும் கீழுமாகச் சிதறினால் வேறு நெல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வாசனைக்கென்றே தனியாக ஒரு மார்க்கரும் உண்டு.

அந்த மலையூரில் 'வாசநெல்லு' என்று ஒரு நெல் இருந்தது. சாமையும் புளியும் விளையும் மலையில், ஓடையோரம் கொஞ்சம் நஞ்சை வயல் வைத்திருந்தவர்கள் மட்டும் அதைப் போட்டார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் மேல்வயல் அக்கா. வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். வயலும் வீடும் அக்கா பொறுப்பு. இன்னொருவர் கீழ்வயல் அண்ணன். அக்காவின் கணவருக்குப் பங்காளி, சித்தப்பா மகன். அவர் வயலில் ஊற்று உண்டு, தண்ணீருக்குக் குறைவில்லை.

ஊரில் புதிதாக ஒரு விதைக்குழு ஆரம்பித்திருந்தார்கள். யார் வீட்டு வாசநெல் சுத்தமானது என்று தெரிந்துகொண்டு, அந்த விதையையே எல்லோரும் போட்டு, ஒரே தரமாகக் கீழே கொண்டுபோய் விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அதற்குத்தான் என் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே போய் இலை பறித்திருந்தேன். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். அக்காவின் வயல் ஆறு, அண்ணனின் வயல் ஒன்பது. ஒரு வயலுக்குப் பத்துச் செடி, ஒவ்வொரு செடியின் இலையும் தனியாக ஒரு சின்னக் குழாயில். அந்தப் பத்துக் குழாய்களையும் ஒரு சின்ன வட்ட டப்பாவில் போட்டு, மூடிமேல் வயல் எண்ணை எழுதி உறைபெட்டியில் வைப்பேன். வட்ட மூடியில் வெறும் 6 என்று எழுதினால் திருப்பிப் பிடித்தால் 9. அதற்காகவே அடியில் ஒரு கோடு போட வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நான் போடவில்லை. என்னிடமே இருக்கிற டப்பா, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

ஆனி பிறந்தபோது முடிவு வந்தது. ஒன்பதாம் எண் வயல் அச்சு வார்த்தாற்போல் சுத்தம். ஆறில் பாதிக்கு மேல் கலப்பு. "இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு" என்றார் என் வழிகாட்டியான மேடம். ஆனால் விதைக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கிறார்களே என்ற அவசரம் எனக்கு. நல்ல சேதியை முதலில் சொல்கிறவளாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஊரில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அந்த மலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிற ஊர்த் தம்பி ஒருவரின் நம்பர்தான் என்னிடம் இருந்தது. அவர் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு அக்காவை அழைத்து வந்து ஃபோனைக் கொடுத்தார். நான் முடிவைச் சொன்னேன்.

"எங்க வூட்ல பொங்கினா வாசம் வருதே மேடம்?" என்றார் அக்கா.

"இப்ப வரும்க்கா. ஆனா பாதிக்கு மேல வேற நெல்லு கலந்திருக்கு. நாலஞ்சு போகம் போனா வாசமே இருக்காது."

"மேல்வயலுக்குப் பக்கத்துல வேற நெல்லே இல்லியே. சுத்தியும் சாமைதான கீது."

"களத்துல கலந்திருக்கும்க்கா."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. "அப்போ இந்த நெல்ல இன்னா பண்றது?" என்று அக்கா கேட்டார்.

"சாப்பாட்டுக்கு வெச்சுக்கங்க. விதைக்குக் கீழ்வயல் அண்ணன்கிட்ட வாங்கிக்கங்க."

இந்த இரண்டு வாக்கியத்தையும் எத்தனையோ முறை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்தன.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. வேறு ஏதோ விஷயமாக அந்த ஜீப் தம்பியிடம் பேசியபோது, "அக்கா அந்த நெல்ல அவிக்கப் போவுதுங்க. நாளைக்கு ஒரு மூட்டை, மறுநாள் ஒரு மூட்டைன்னுச்சு" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

மேடம் சொன்ன மறு சோதனையை அந்த வாரம்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை டப்பாவிலிருந்து எடுக்கவில்லை. வயலில் பறித்த இலையில் ஒரு பகுதியைக் காகித உறையில் உலர்த்தி வைத்திருந்தேன். அதன்மேல் எண்ணோடு வயல்காரர் பெயரும் எழுதியிருந்தது. அதிலிருந்து புதிதாக எடுத்து ஓட்டினேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெல்லைப் பார்த்தால், அக்காவின் பெயர் போட்ட வரிசையில் பட்டைகள் ஒரே கோட்டில் நின்றன. அண்ணனின் வரிசை சிதறிக் கிடந்தது.

படத்தைத் தலைகீழாகப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். இல்லை. ஓடிப்போய் உறைபெட்டியைத் திறந்து அந்த இரண்டு டப்பாக்களையும் எடுத்துக் கையில் வைத்துத் திருப்பினேன். ஒன்று ஆறாக இருந்தது, திருப்பினால் ஒன்பது. மற்றது ஒன்பதாக இருந்தது, திருப்பினால் ஆறு.

இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

அக்கா செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை அவிப்பதாகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவித்த நெல் செத்த நெல். அதை மண்ணில் போட்டால் முளைக்காது. அன்று புதன்கிழமை. இன்னொரு மூட்டையும் அடுப்பில் ஏறப் போகிறது. ஜீப் தம்பிக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அதே குரல். குறுஞ்செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை.

மேடமிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "எங்கிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல அவங்ககிட்ட போ" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம். வழியெல்லாம் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஆலங்காயத்தில் மலைக்குப் போகிற வேறொருவர் ஜீப் நின்றிருந்தது. ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள். உள்ளே நாலைந்து பேர்தான். டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவசரம் என்றேன். "எல்லாருக்கும் அவசரந்தாம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜீப்பில் வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாமலே கண்ணில் நீர் வழிந்திருக்கிறது. பக்கத்தில் உரமூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "வூட்ல யாராச்சும் முடியாம கீறாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி, நெல் கதையை அரைகுறையாகச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் 'விதைநெல்லை அவிக்கிறார்கள்' என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏம்பா, விதநெல்லு அடுப்புல ஏறப் போவுதாம். வண்டிய எடு, வழியில ஆளு ஏறிக்கும்" என்றார். டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். விதைநெல் என்ற சொல்லுக்கு அங்கே இருந்த மதிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் அதையே படித்த எனக்கு.

ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஊருக்கு முக்கால் மணி நேர நடை. நான் பாதி தூரம் ஓடினேன். மேட்டில் ஏறும்போதே அக்காவின் வீட்டுப் பின்பக்கம் புகை தெரிந்தது.

வீட்டை ஒட்டிய பாறையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவித்த நெல்லின் நிறம் தனி. கொஞ்சம் கறுத்து, பழுப்பேறி இருக்கும். ஒரு மூட்டை போய்விட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பின்பக்கம் போனேன். மூன்று கல் வைத்த அடுப்பில் விறகு பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அண்டாவின் அடியில் ஊற்றிய தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. அக்கா கூடையால் அதை அள்ளி அண்டாவில் போடக் குனிந்திருந்தார்.

"போடாதீங்கக்கா" என்றேன். மூச்சு வாங்கியதில் சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை கத்திவிட்டேன்.

அவர் காலடியில் பாம்பு என்று நினைத்துக்கொண்டு துள்ளி நகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. தண்ணி குடிங்க மொதல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, மூடி, ஆறு, ஒன்பது. அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் போனது. கூடையைக் கீழே வைத்தார். டிரம்மில் கையை விட்டு நெல்லை அளைந்துகொண்டிருந்தார்.

"அப்போ என் நெல்லு நல்ல நெல்லா?"

"நல்ல நெல்லுக்கா. நான் சோதிச்சதிலேயே சுத்தமான நெல்லு."

அவர் பாறைப் பக்கம் பார்த்தார். "அதோ காயுதே, அத திரும்ப விதையாக்க முடியுமா மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே, படித்த நமக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்பதுபோலக் கேட்டார். முடியாது என்று தலையாட்டினேன்.

பிறகு டிரம்மைப் பற்றிப் பேசினோம். அன்று காலையிலேயே அதை அவித்திருக்க வேண்டியது. ரேஷன் கடைக்குப் போய்வந்ததில் நேரமாகிவிட்டது. அதனால்தான் பிழைத்திருக்கிறது. வெறும் தண்ணீரில் ஊறிய நெல் சாகாது. விதை முளைகட்டுவதற்கும் முதலில் ஊறத்தான் வைக்கிறோம். எனக்கு உயிர் வந்தது. அப்போது அக்கா மெல்லச் சொன்னார், "நேரமாச்சேன்னு ஒரு குடம் சுடுதண்ணி ஊத்திட்டேனே. சீக்கிரம் ஊறட்டும்னு."

எவ்வளவு சூடு? கை பொறுக்காத சூடு. எப்போது? ஒரு மணி நேரத்துக்கு முன்னால். எவ்வளவு நெல் வெந்திருக்கும், எவ்வளவு பிழைத்திருக்கும்? எனக்குத் தெரியவில்லை. மேல் நெல் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. கையை அடிவரை விட்டுப் பார்த்தேன். அடியில் குளிர்ந்திருந்தது. அதைத் தவிர வேறு எந்தச் சோதனையும் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை.

தண்ணீரை வடித்து, டிரம்மின் அடியில் இருந்த நெல் சாக்கிலும் அடியிலேயே வரும்படி போட்டுக் கட்டுவதற்குள் கீழ்வயல் அண்ணன் வந்துவிட்டார். நான் கத்திய சத்தம் அவர் வீடுவரை கேட்டிருக்கிறது. கூடவே இன்னும் மூன்று நான்கு பேர். நான் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். மூன்று வாரமாக ஊரில் அவருடைய நெல்தான் நல்ல நெல். எல்லோருக்கும் விதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவின் நாற்றுக்குப் போட வேண்டிய விதையைக்கூட எடுத்துக் கட்டி வைத்திருந்தார். அவரிடம், எல்லோர் முன்னாலும், உங்கள் நெல்தான் கலப்பு என்று சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு இன்னா சொல்லுவீங்க?" என்றார்.

"இப்ப சொல்றதுதான் சரிங்கண்ணா. படம் இருக்கு, காட்றேன்."

"படத்தப் பாத்தா எனக்கு இன்னா தெரியும்? அன்னிக்கும் படத்தப் பாத்துதான சொன்னீங்க."

ஒருவர் சிரித்தார். அண்ணன் கேட்டது சரிதானே. மூன்று வாரத்துக்கு முன் என் பேச்சை நம்பியதற்கு என்ன காரணமோ, இன்று நம்பாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

அக்காதான் பேசினார். "வாயில போட்டுப் பாக்கலாமே. மெஷினு எதுக்கு?"

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. நெல் வகைகளை உருவாக்குகிறவர்கள் ஒரே ஒரு அரிசியை மென்று வாசனை பார்ப்பார்கள். மொத்தமாகப் பொங்கினால் பாதி வாசனை அரிசி இருந்தாலும் வீடு மணக்கும். ஒவ்வொன்றாக மென்றால்தான் எது வாசனை, எது வெறும் அரிசி என்று பிரியும். இதைச் சொன்னேன். அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி நெல் எடுத்து வந்தார். அக்கா சாக்கின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தார். ஊறிய நெல் என்பதால் வாசனை மட்டுப்படுமோ என்று எனக்குச் சந்தேகம். நகத்தால் உமி நீக்கி, ஒவ்வோர் அரிசியாக வாயில் போட்டோம். நான், அக்கா, அண்ணன், கூட வந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏதோ துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அக்காவின் நெல்லில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஊறியும் மணந்தது. பிறகு அண்ணனின் நெல். முதல் அரிசி மணந்தது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டாவதும் மணந்தது. மறுபடியும் தப்பாகிவிட்டதா, இந்த ஜெல்லையும் நான் மாற்றிவிட்டேனா என்று ஓர் எண்ணம் ஓடியது. மூன்றாவதை மென்ற அண்ணன் துப்பினார். நான்காவதையும் துப்பினார். அப்புறம் ஒன்று மணந்தது, இரண்டு மணக்கவில்லை. கையிலிருந்த மீதி நெல்லை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தார். இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

கீழே போகிற கடைசி ஜீப்பை நான் விட்டுவிட்டேன். விதை முளைக்கிறதா என்று தெரியாமல் எப்படிப் போவது? மேட்டுக்கு ஏறி அம்மிக்கு ஃபோன் போட்டு, இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு நாளும் அக்கா எனக்குச் சோறு போட்டார், படுக்கப் பாய் கொடுத்தார், பேச்சு மட்டும் குறைவு. சாக்கை வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றி வைத்திருந்தோம். நடுவில் தண்ணீர் தெளிக்கும்போதுகூடத் திறந்து பார்க்க விடவில்லை. வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பாறையில் காய்கிற நெல்லைக் கிளறிவிடச் சொன்னார். நான் கொன்ற நெல்லை நானே காலால் கிளறிக்கொண்டு, கோழி விரட்டிக்கொண்டு இருந்தேன். வெயில் ஏற ஏற அதிலிருந்து வாசனை எழுந்தது. அத்தனை நல்ல வாசனை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. முளைத்த விதையை வைத்திருக்க முடியாது, உடனே நாற்றங்காலில் தெளிக்க வேண்டும். அக்காவின் மேல்வயல் காய்ந்து கிடந்தது. மழை இன்னும் பிடிக்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் விட்டுச் சேறாக்கித் தயாராக இருந்தது அண்ணனின் நாற்றங்கால் மட்டும்தான். அக்காவின் விதைக்கும் அதில்தான் இடம் விட்டிருந்தார், ஆனால் அது அவருடைய நெல்லைப் போடுவதற்கு. போய்க் கேட்கலாமா என்று அக்காவிடம் சொன்னேன். "நீங்க போவாதீங்க" என்றார். தானும் போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணனே வந்தார். என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: "நாத்தங்கால்ல மேற்கால பாதி உங்களுக்கு அண்ணி. உங்க நெல்லயே போடுங்க. எம்பாதியில என் நெல்லத்தான் போடுவேன், சோத்துக்கு ஆவும்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பேச்சக் கேட்டு இல்ல. என் வாயே சொல்லிடுச்சு, அதனால" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சாக்கைப் பிரித்தோம். கட்டை அவிழ்த்ததுமே புளித்த வாடை அடித்தது. மேலாக இருந்த நெல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று இருந்தது. அக்கா அதை அள்ளி ஒதுக்கிக்கொண்டே போனார். பாதி தாண்டியும் அதேதான். நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவர் கை நின்றது. "மேடம்" என்றார்.

சாக்கின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்திருந்தது.

பொறுக்கி எடுத்ததில் இரண்டு முறம் தேறியது. இரண்டு மூட்டை இருந்த இடத்தில் இரண்டு முறம். கீழ்வயலுக்கு எடுத்துப் போனோம். அண்ணன் பார்த்துவிட்டு, "பாதி எடம்கூட வேணாம் போல கீதே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "கால் போதும்" என்றார் அக்கா. சேற்றில் இறங்கி அவரே தெளித்தார். நான் வரப்பில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு சின்னப் பாத்தியில்தான் வாசநெல் விளைந்தது. அதையும் முழுக்க விதைக்கே வைத்தார். தை மாதத்தில் சாமிக்குப் பொங்க வாசநெல் பச்சரிசி இல்லாமல், கடை அரிசியில் பொங்கியதாக ஜீப் தம்பி சொல்லித் தெரிந்தது. அக்கா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. ஊர்ப் பொது விதையும் ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் நடந்ததை அப்படியே எழுதி விதைக்குழுவுக்குக் கொடுத்தேன். என் ஆய்வேட்டிலும் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. மேடம் அதில் ஒரு வரியைக்கூட மென்மையாக்க விடவில்லை.

மறு வருடம் ஐப்பசியில் அக்கா ஃபோன் செய்தார். மேட்டில் நின்று பேசுகிறார், காற்று இரைகிறது. "எலை பறிக்க வர்லியா மேடம்?" என்றார். நான் தடுமாறி, "இன்னும் என்னை நம்பறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். "உங்கள நம்பி இன்னா ஆவப்போவுது. அந்த ரெண்டு மொறம் நெல்லு சுத்தமாத்தான் கீதான்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். போனேன். பறித்தேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சுத்தம் என்று சொல்ல வாய் திறந்தேன்.

இப்போதும் ஆய்வு முடிவு என்று ஒரு தாளில் நான் எழுதும்போது, அந்த ஒரு வரிக்குப் பின்னால் எங்கோ ஒரு வீட்டின் ஒரு வருடம் இருக்கிறதே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது போய்விட வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.